முதல்ல உட்காருங்க – அத்தியாயம் 17

தப்பு செய்தவளைத் தவிர வீட்டில் மற்ற எல்லோரும் திட்டு வாங்கிய நாள் அது.

காலையில் கூடத்திலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, சின்னவள் சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"நான் எதைத் தடுத்தேன்? யாரைத் தடுத்தேன்? காலங்காத்தால என்ன பழி இது?"

அப்பா சண்டை போட்டது லேப்டாப்போடு. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டாத குறையாக வாசித்தார். 'நீங்கள் ஆட் பிளாக்கர் பயன்படுத்துகிறீர்கள். அதை நிறுத்திவிட்டு மறுபடியும் முயலுங்கள்.' அந்த வரிகளுக்குப் பின்னால் வீடியோ இருட்டிக் கிடந்தது.

"ஆட் பிளாக்கர்னா என்ன?"

"விளம்பரம் வராம தடுக்கிற ஒரு சின்ன ப்ரோகிராம்பா."

சொல்லி முடித்த பிறகுதான் சின்னவளுக்குத் தான் செய்த காரியம் நினைவுக்கு வந்தது.

"நான் ஏன் விளம்பரத்தைத் தடுக்கணும்?" என்றார் அப்பா. அந்தக் கேள்வியில் கோபத்தைத் தவிர வேறு ஏதோவும் இருந்தது. அதைக் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை.

போன வாரம் அவள் செய்த காரியம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்பா மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போயிருந்தார். தம்பி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். சின்னவள் அலமாரி மேல் மினுக்கிக்கொண்டிருக்கும் ரூட்டரின் செட்டிங்குக்குள் புகுந்து, தான் வேலை பார்க்கும் டப்பிங் ஸ்டுடியோவில் ஒருவர் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு எண்களை மாற்றினாள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் வரும் நெட் முழுக்க ஒரு சல்லடை வழியாகத்தான் வருகிறது. டிவி, போன், லேப்டாப் எதிலும் விளம்பரம் தலைகாட்டுவதில்லை. ஏன் செய்தாள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லவில்லை.

வீடியோ தளம் ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு இன்றைக்கு விழித்துக்கொண்டது. விழித்துக்கொண்டதும் பழியை லேப்டாப் தலையில் போட்டது. பாவம், லேப்டாப்பில் அப்படி எதுவுமே இல்லை.

இந்தக் குடும்பத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அப்பா உயர்ந்த கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தே காலம் கழித்தவர். மோட்டார் ரூம் இரைச்சல் அவருடைய வலது காதை வாங்கிக்கொண்டது. அம்மா டப்பிங் கலைஞர். ராணி, வில்லி, மாமியார், கார்ட்டூன் எலி என்று எல்லோருக்கும் குரல் கொடுத்தவள், இந்த வருடத் தொடக்கத்தில் மூச்சு முட்டி அடங்கிப்போனாள். பெரிய மகளும் டப்பிங்தான். அம்மாவுக்குத் தொண்டை நலிந்த காலத்தில், அம்மா பேசிக்கொண்டிருந்த ஒரு பாத்திரத்தைப் பேசுவதற்கு அவள் ஒப்புக்கொண்டாள். "பெத்தவ தொண்டையிலேயே கை வச்சுட்டியே!" என்று அப்பா கத்தினார். "இனிமே உன் குரல் இந்த வீட்டுல கேட்கக் கூடாது" என்றும் சொன்னார். பெரியவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் குரல் அதற்குப் பிறகு அங்கே கேட்கவில்லை. அம்மா போன அன்றும் கேட்கவில்லை.

சரி, கூடத்துக்கு வருவோம்.

"என்ன சத்தம் அங்க?" என்று தம்பி எழுந்து வந்தான். கடைக்குட்டி என்பதால் குட்டி என்று பெயர். ஆள் என்னவோ நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். இதே போன்ற இன்னொரு வீடியோ தளத்தில் வாடிக்கையாளர் சேவை வேலை. வீட்டில் உட்கார்ந்தபடியே, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க ஊரார் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதற்குச் சம்பளம்.

"தள்ளுங்கப்பா. தினம் நான் மாரடிக்கிறது இதுகூடத்தான்."

அவன் முதலில் பக்கத்தை மறுபடியும் திறந்தான். பிரவுசரில் சேர்ந்திருந்த பழைய குப்பைகளை அழித்தான். ஆட் பிளாக்கர் ஒளிந்திருக்கக்கூடிய பக்கத்தைத் திறந்தால், அங்கே துடைத்து வைத்தாற்போல் காலி. வேறு பிரவுசரில் போட்டுப் பார்த்தான். ஆன்டிவைரஸைக் கொஞ்ச நேரம் தூங்க வைத்துப் பார்த்தான். எதைச் செய்தாலும் அதே பல்லவிதான் திரையில் வந்து நின்றது. 'நீங்கள் ஆட் பிளாக்கர் பயன்படுத்துகிறீர்கள்.'

குட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்க. எதையாவது டவுன்லோட் பண்ணீங்களா?"

"இல்ல."

"திடீர்னு ஏதாவது கேட்டு, நீங்க 'சரி'ன்னு அமுக்கினீங்களா?"

"இல்லடா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லைங்கிறேன்ல?"

"எல்லாரும் முதல்ல இதைத்தான்பா சொல்வாங்க. 'நான் ஒண்ணுமே பண்ணல'ன்னுதான் ஆரம்பிப்பாங்க. கடைசியில பார்த்தா அவங்களே போட்டு வச்சதாத்தான் இருக்கும்."

எவன் என்ன சொன்னாலும் முதலில் நம்பாதே என்பது அவனுடைய ஆபீஸ் பாடம். அங்கே அது சோறு போடுகிறது. வீட்டில் அதைக் கழற்றி வைக்க மறந்துவிட்டான்.

"நான் உனக்கு கஸ்டமரா?" என்றார் அப்பா.

"ஐயோ, அப்படிச் சொல்லலப்பா. தங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது..." குட்டி நாக்கைக் கடித்துக்கொண்டான். நாள் முழுக்க ஊருக்குத் தட்டிவிடுகிற வரி அது, வேளை கெட்ட வேளையில் வாயில் வந்து விழுந்தது.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"லிஃப்ட் பாதியில நின்னா நான்தான் போவேன். உள்ள மாட்டிக்கிட்டவனை வெளிய எடுப்பேன். ஒரு நாளும் அவனைப் பார்த்து 'நீ என்னடா பண்ணினே'ன்னு கேட்டதில்ல."

சின்னவளுக்கு 'நான்தான்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அந்த விளம்பரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு விளம்பரம் ஓடுவது அப்பாவுக்குத் தெரியவே கூடாது என்றுதானே இவ்வளவும் செய்தாள்?

வார்த்தையை விழுங்கிவிட்டு, "ஒரு நாள் பார்க்கலைன்னா என்னப்பா? ஜன்னலுக்குத் திரை தைக்கிறது எப்படின்னு நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று சிரித்தாள்.

அது வீட்டில் பழகிப்போன கிண்டல்தான். திரைச்சீலைக்கும் போர்வைக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர், கொஞ்ச நாளாக வீட்டை அழகுபடுத்தும் நிகழ்ச்சிகளாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னப்பா திடீர் ஆசை என்று கேட்டால் மழுப்புவார்.

இன்றைக்கு அவர் மழுப்பக்கூட இல்லை. லேப்டாப்பை மெதுவாக மூடினார். சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடினாள். திரும்பிப் பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடுவோம் என்று பயம்.

*

சின்னவளின் வேலை என்னவென்று யாராவது கேட்டால், "மூச்சை வெட்டுற வேலை" என்பாள். விளையாட்டுக்கில்லை. டப்பிங் பேசுகிறவர்கள் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் மூச்சு வாங்குவார்கள். நடிக்கிறவரின் வாயோடு அந்த மூச்சு ஒட்டாது. சின்னவள் கம்ப்யூட்டரில் குரலை விரித்து வைத்து, மூச்சு வரும் இடங்களைக் கண்டுபிடித்து, தெரியாமல் கத்தரித்துவிடுவாள்.

அம்மாவின் மூச்சையும் அவள்தான் வெட்டினாள். கடைசிக் காலத்தில் அம்மா ஒரு வரியைச் சொல்வதற்குள் நாலு இடத்தில் நிற்பாள். ஒவ்வொரு தடவையும் இழுப்பதற்கு முன்னால் மேலண்ணத்தில் நாக்கு ஒட்டி விடுபடும் ஒரு சின்னச் சத்தம் வரும். "எல்லாத்தையும் வெட்டிட்டியாடி?" என்று ரெக்கார்டிங் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகையில் கேட்பாள் அம்மா. இவள் கட்டைவிரலை உயர்த்துவாள். வெட்டிய மூச்சையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளோ என்றுகூட அவளுக்குச் சில சமயம் தோன்றும். பைத்தியக்கார நினைப்புதான். ஆனாலும் தோன்றியது.

வீட்டுக்குள் வராமல் அவள் தடுத்த அந்தச் சோபா விளம்பரம் அம்மா கடைசியாகப் பேசியவற்றில் ஒன்று. கதவைத் திறந்துகொண்டு ஓர் ஆள் அலுப்போடு வீட்டுக்குள் வருகிறான். அவனைப் பார்த்து ஒரு பெண் குரல் சொல்ல வேண்டும். கம்பெனிக்காரர்கள் எழுதிக் கொடுத்த வசனம் பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. அம்மா காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, தன் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"வந்துட்டீங்களா? முதல்ல உட்காருங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

கம்பெனிக்காரர்கள் கைதட்டினார்கள். சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா வேலை முடிந்து எண்ணெய்க் கையோடு வாசலில் நிற்கும்போதெல்லாம் அம்மா சொல்வது அதுதான். ஓர் எழுத்து மாறாமல் அதுதான்.

அம்மாவின் மற்ற குரல்களெல்லாம் ராணிக்கும் எலிக்கும் சொந்தம். அம்மா அம்மாவாகப் பேசியது இந்த விளம்பரத்தில் மட்டும்தான். அதனால்தான் அது சின்னவளைக் கொன்றது.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது ஸ்டுடியோ முதலாளி வந்து நின்றார்.

"அந்தச் சோபா கம்பெனிக்காரங்க பேசினாங்கம்மா. விளம்பரத்துல புதுசா ஒரு வரி சேர்க்கணுமாம். அம்மா குரல்லயே வேணுமாம். ஆள் இல்லையே, எப்படிங்க முடியும்னு கேட்டேன். உனக்கு மனசு கஷ்டப்படும்னு அப்பவே சொல்லல."

"அப்புறம்?"

"வேற ஸ்டுடியோவுல யாரையோ வச்சு முழுசாத் திரும்பப் பேசிட்டாங்கன்னு கேள்வி. போன வாரத்துலேர்ந்து அதுதான் ஓடுதாம்."

சின்னவள் டப்பாவை மூடினாள். நிம்மதியாக இருக்க வேண்டியது நியாயம். இனி அந்த விளம்பரத்தில் அம்மா இல்லை, சல்லடையும் தேவையில்லை. ஆனால் யாரோ அம்மாவை இன்னொரு தடவை வீட்டைவிட்டுத் தூக்கிக்கொண்டு போன மாதிரி அவளுக்கு இருந்தது.

போன் அடித்தது. குட்டி.

"அக்கா, அப்பா அங்க வந்தாரா?"

"இல்லையே. ஏன்?"

"நான் ஒரு கஸ்டமரோட மல்லுக்கட்டிட்டு வந்து பார்த்தா ஆளைக் காணோம். போனை இங்கயே வச்சுட்டுப் போயிருக்காரு. லேப்டாப்பையும் காணோம்." அவன் குரல் கம்மியது. "பழைய டூல்ஸ் பையில இருந்த ஸ்பேனரை எல்லாம் மேஜை மேல கொட்டி வச்சிருக்காருக்கா. பையை மட்டும் காணோம்."

*

தேட அதிக நேரம் ஆகவில்லை. தன் கைக்கு அடங்காத எதையும் அப்பா ஒரு மெக்கானிக்கிடம்தான் கொண்டுபோவார். தெருமுனையில் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்தாற்போல் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருக்கிறது. உள்ளே கழற்றிப் போட்ட கீபோர்டுகளுக்கு நடுவில், ஒரு முக்காலியில், மடியில் டூல்ஸ் பையோடு அப்பா உட்கார்ந்திருந்தார். லேப்டாப் திறந்திருந்தது. வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் சின்னவளைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தார்.

"நீங்க பொண்ணுங்களா? நல்ல வேளை, வந்தீங்க. மெஷின்ல ஒண்ணுமே இல்லம்மா. இங்க நம்ம நெட்ல போட்டேன், ஜம்முனு ஓடுது. உங்க வீட்டு நெட்லதான் யாரோ ஏதோ பண்ணி வச்சிருக்காங்க."

"ரொம்ப தேங்க்ஸ்ங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

"அது இல்லம்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "பெரியவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? வந்ததுலேர்ந்து பார்க்கிறேன். விளம்பரம் வருதா, கண் கொட்டாம பார்க்கிறாரு. அது முடிஞ்சு நிகழ்ச்சி ஆரம்பிச்சா, அதை அப்படியே விட்டுட்டு அடுத்ததைப் போடுறாரு. மறுபடி விளம்பரம். மறுபடி அடுத்தது. 'ஐயா, இதை அமுக்கினா விளம்பரம் போயிடும்'னு காட்டினேன். என் கையைத் தட்டிவிட்டுட்டாரு."

சின்னவள் கடை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே ஒரு பற்பசை விளம்பரம் முடிந்தது. யாரோ சுவருக்கு வண்ணம் பூசுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அப்பாவின் விரல் நகர்ந்து அடுத்த வீடியோவைத் தொட்டது. காப்பித்தூள் விளம்பரம் வந்தது. அப்பா இடது காதைத் திரைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

திரைச்சீலை மேல் வந்த ஆசையும் சுவர் வண்ணம் மேல் வந்த ஆசையும் எங்கிருந்து வந்தன என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சோபா விற்கிறவன் எந்த நிகழ்ச்சிக்கு நடுவில் விளம்பரம் போடுவான்? அதைத் தேடிப் பிடித்து இத்தனை நாளும் உட்கார்ந்திருக்கிறார் மனிதர். போன வாரம் முழுக்க விளம்பரமே வராமல் போனதும், ஒருவரிடமும் கேட்காமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். இவள் அதை வெயில் அசதி என்று நினைத்தாள்.

"அப்பா, போகலாமா?"

"வரல," என்றார் அப்பா, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். யார் வரவில்லை என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

*

தெருவில் நடக்கும்போது பையை அவளிடம் கொடுக்க மறுத்துவிட்டார். அவருடைய இடது பக்கமாகப் போய் நடந்தாள், காது கேட்கிற பக்கமாக.

"வீட்டு நெட்ல யாரோ கை வச்சிருக்காங்களாம்," என்றார். "குட்டியாத்தான் இருக்கும். கேட்டா என் மேலயே திருப்புறான். போகட்டும், அவனை ஒண்ணும் சொல்லாதே."

அவனைக் காப்பாற்றுகிறாராம். இதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"நான்தான்பா."

"என்ன?"

"நெட்ல கை வச்சது நான்தான். விளம்பரம் எதுவும் வரக்கூடாதுன்னு."

அப்பா நின்றார். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துச் சுற்றிக்கொண்டு போனார்.

"ஏன்மா?"

"அன்னிக்கு நான் சமையல் ரூம்ல பாத்திரம் துலக்கிட்டு இருந்தேன். வெளிய போயிட்டு அப்பத்தான் வந்திருந்தேன். கூடத்துலேர்ந்து 'வந்துட்டீங்களா'ன்னு சத்தம் கேட்டுச்சு. நான்..." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் 'வந்துட்டேம்மா'ன்னு சொல்லிட்டேன்பா. சொல்லிட்டு, பதில் வரும்னு நின்னுட்டு இருந்தேன். அப்புறம்தான் சோபா விலை சொன்னாங்க."

அழுகை வந்தது. நடுத்தெருவில், பை தூக்கிக்கொண்டு போகிறவர்களும் வருகிறவர்களும் பார்க்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள்.

"நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. நீங்க கேட்கலைன்னு நினைச்சேன். நீங்களும் ஒரு நாள் இப்படி ஏமாந்து போயிடக் கூடாதுன்னுதான்..."

"நான் தூங்கல," என்றார் அப்பா. "கண்ணை மூடிட்டு இருந்தேன்."

மறுபடியும் நடக்க ஆரம்பித்தார்கள்.

"நானும்தான் சொல்றேன், 'வந்துட்டேன்'னு," என்றார் அப்பா. "ஒவ்வொரு தடவையும் சொல்றேன். நீ ஒரு தடவை சொல்லிட்டுப் பயந்துட்டே. எனக்கு என்ன பயம்? அது சோபா வாங்க வர்றவனுக்குச் சொன்னதா? எனக்குச் சொன்னது."

"தெரியும்பா. நான்தானே பக்கத்துல இருந்தேன்."

"அப்புறம் எதுக்குடி தடுத்தே?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஸ்டுடியோவுல அந்தப் பைல் இருக்குப்பா. எடுத்துட்டு வந்து உங்க போன்ல போட்டுத் தரேன். எப்ப வேணும்னாலும் கேட்கலாம்" என்றாள். இப்போது ஓடுவது அம்மா இல்லை, வேறு யாரோ என்று அவருக்குத் தெரிவதற்கு முன்னால் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு அவசரம்.

அப்பா தலையாட்டினார், வேண்டாம் என்று.

"நான் போட்டு அவ பேசினா அது ரெக்கார்டு. எனக்கு அது வேணாம். எப்போ வருவா, வருவாளா மாட்டாளான்னு தெரியாம உட்கார்ந்திருக்கணும். அவளா வரணும். ஒரு நாள்ல ஒரு தடவை வந்தாப் போதும்."

வீட்டுக்குப் போனதும் சின்னவள் ரூட்டர் செட்டிங்கைத் திறந்து, அந்த இரண்டு எண்களையும் பழையபடி மாற்றினாள். சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பனியனுக்கு மேல் சட்டையை மாட்டி, பட்டனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ வீட்டுக்கு வரப்போகிற மாதிரி. அவளுக்கு வாய் வரவில்லை.

குட்டி குற்றவாளி போல் கதவோரம் நின்றான். "சாரிப்பா."

"உட்காரு."

முதல் வீடியோவில் சோப்பு விளம்பரம் வந்தது. இரண்டாவதிலும் சோப்புதான். குட்டி டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தான், அது ஆறிப்போனது. ஜன்னல் வழியாக வந்த வெயில் தரையைவிட்டுச் சுவரில் ஏறியது. சின்னவள், வராமலே இருக்கட்டும் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அப்போது திரையில் ஒரு கதவு திறந்தது. ஓர் ஆள் அலுப்போடு உள்ளே வந்தான்.

"வந்துட்டீங்களா? முதல்ல உட்காருங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

"வந்துட்டேன்," என்றார் அப்பா.

சின்னவள் ஓரடி முன்னால் வந்தாள். அம்மாதான்! முதலாளி சொன்னது தப்பு, யாரும் மாற்றவில்லை, அம்மா அங்கேயேதான் இருக்கிறாள். குட்டி உள்ளங்கையால் கண்ணை அழுத்திக்கொண்டான். அவ்வளவு சந்தோஷம் அந்தக் கூடத்துக்கு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

விளம்பரம் முடியவில்லை. குரல் மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு வரி பேசியது. "பழசைக் கொடுங்க, புதுசுல உட்காருங்க."

"புது வரி!" அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "கேட்டியா? இது எப்போ பேசினா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே! பாரேன் இவளை!"

சின்னவள் கேட்டது அந்த வரியை இல்லை. அதற்கு முன்னால் இருந்த மூச்சை. அந்த ஸ்டுடியோவில் எவனோ சோம்பேறி அதை வெட்டாமல் விட்டிருந்தான்.

நாக்கு ஒட்டி விடுபடும் சத்தம் அதில் இல்லை. மூக்கு வழியாக இழுத்த மூச்சு அது, அதன் அடியில் மெல்லிய ஒரு விசில். சின்ன வயதில் கதவில் மோதிக்கொண்டு மூக்கை உடைத்துக்கொண்டவளின் மூச்சு. ஒரே போர்வைக்குள் படுத்து, 'விசிலை நிறுத்துடி, தூக்கம் வரல' என்று சின்னவள் காலால் உதைத்த மூச்சு.

பெரியவள்.

அம்மாவின் வார்த்தைகளை, அம்மாவின் குரலில், எழுத்துக்கு எழுத்து அவள்தான் பேசியிருக்கிறாள். வேறு யாரால் முடியும்? வேறு யார் வாசலில் நின்று அதைத் தினம் கேட்டு வளர்ந்தார்கள்? எப்படித்தான் பேசினாளோ. பேசிவிட்டு எந்த ஊர் ஸ்டுடியோ படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாளோ.

அப்பா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. சட்டைப் பட்டன் ஒன்றைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"போன் போடு."

"யாருக்குப்பா?"

"பெரியவளுக்கு."

குட்டி தலையைத் தூக்கினான். அந்தப் பெயரை அப்பா வாயிலிருந்து கேட்டது எப்போதென்று அவனுக்கு மறந்தே போயிருந்தது.

"அம்மா புதுசா ஒரு வரி பேசியிருக்கான்னு சொல்லு. அவளுக்கும் அங்க வருதான்னு பார்க்கச் சொல்லு." அப்பா அவர்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "பெத்தவ குரலைக் கேட்டு அவளுக்கும் எவ்வளவு நாளாயிருக்கும்? நான் ஒருத்தனே கேட்டுட்டு இருக்கேன்."

சின்னவள் போனை எடுத்தாள். அந்த எண்ணை அவள் அழிக்கவும் இல்லை, இத்தனை நாளில் தொடவும் இல்லை. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில் எடுக்கப்பட்டது.

மூச்சு மட்டும் கேட்டது, அடியில் அந்த மெல்லிய விசிலோடு.

"அக்கா..." என்றாள் சின்னவள்.

"எடுத்துட்டாளா?" என்றார் அப்பா. "ஸ்பீக்கர்ல போடு. எனக்கும் கேட்கட்டும்."

சின்னவளின் கட்டைவிரல் ஸ்பீக்கர் பொத்தானுக்கு மேல் நின்றது. அழுத்தினால் அந்த விசில் மூச்சு அப்பாவுக்கும் கேட்கும். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இடது காதைப் போன் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.